குதிரையின் குளம்பைச் செதுக்க யாருக்கு உரிமை?



இயற்பியல் ஆய்வகத்தில் லாடக் காந்தத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் வகுப்பில் அதை உயர்த்திக் காட்டிக் காந்த முனைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார்.

"சார், எங்கள் ஊரில் மாட்டுக்கு அடிக்கிற லாடம் இப்படி இருக்காது. இரண்டு சின்னத் தகடுகளாக இருக்கும். இதற்கு ஏன் லாடக் காந்தம் என்று பெயர்?"

"இது குதிரை லாடத்தின் வடிவம். மாட்டின் குளம்பு பிளவுபட்டது. அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடுகள். குதிரைக்குப் பிளவில்லாத ஒரே குளம்பு. அதனால் ஒரே லாடம்" என்றேன்.

அவர் விடவில்லை. "அப்படியானால் முழு வளையமாகவே அடித்துவிடலாமே, சார்? பின்பக்கத்தை ஏன் திறந்துவிட்டிருக்கிறார்கள்?"

எனக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனேன். விடை கிடைத்தது. குதிரை எடையை ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சற்றே அகன்று, எடையை எடுத்தபின் சுருங்குகிறது. அந்த அசைவு அதிர்ச்சியைத் தாங்குகிறது. காலிலிருந்து குருதி மேலேறவும் உதவுகிறது. அதைத் தடுக்கக்கூடாது என்பதற்காகவே வழக்கமான லாடத்தின் பின்புறம் திறந்திருக்கிறது. ஆணிகளும் பெரும்பாலும் முன்பாதியிலேயே அடிக்கப்படுகின்றன.

இந்த விடையைத் தேடும்போது நான் எதிர்பாராத வேறொன்றும் கண்ணில் பட்டது. அது ஒரு சட்டம். பிரிட்டனில் பதிவு பெறாத ஒருவர் குதிரைக்கு லாடம் அடித்தால் அது குற்றம். ஆனால் அதே குதிரையின் குளம்பைக் கத்தியாலும் அரத்தாலும் செதுக்கி, லாடம் அடிக்காமல் விட்டுவிட்டால், அவர் எந்தப் பயிற்சியும் பெறாதவராக இருந்தாலும் அந்தச் சட்டம் அவரைத் தொடாது!

இது சரியா? சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன். நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். காரணங்களை எடை போட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

குளம்பு வெறும் நகம்தானா?

"நம் விரல் நகத்தை நாமே வெட்டிக்கொள்கிறோம். குதிரையின் நகத்தை வெட்டுவதற்கு ஒரு சட்டமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் நகத்தைப் போலவே குளம்பின் வெளிச்சுவரும் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதில் நரம்பில்லை, குருதி இல்லை. வெட்டினால் வலிக்காது. ஒற்றுமை இவ்வளவோடு முடிந்துவிடுகிறது.

நம் உடலின் எடையை நகங்கள் தாங்குவதில்லை. குதிரையோ தன் முழு எடையையும் நான்கு நகங்களின் மீது நிறுத்தியிருக்கிறது. அதன் ஒவ்வொரு காலும் ஒரே ஒரு விரல்தான். அந்த விரலின் கடைசி எலும்பு குளம்புக்குள் இருக்கிறது. அதைக் குளம்பெலும்பு என்போம். அது பெட்டிக்குள் வைத்த பொருள் போல அடித்தகட்டின் மீது உட்கார்ந்திருக்கவில்லை. குளம்புச் சுவரின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் அந்தப் பிடிப்பிலேயே தொங்குகிறது.

அந்தப் பிடிப்பு எப்படி அமைந்திருக்கிறது தெரியுமா? புத்தகத்தின் தாள்களைப் போன்ற மெல்லேடுகள் எலும்பின் பக்கமிருந்தும் சுவரின் பக்கமிருந்தும் வந்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருக்கின்றன. ஒரு குளம்பில் ஏறத்தாழ 550 முதல் 600 மெல்லேடுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணிய துணை மெல்லேடுகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் பரப்பளவு ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர் வரும். ஒரே ஒரு குளம்புக்குள் ஒரு மேசைப் பலகையின் பரப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது!

இந்த மடிப்பு எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 கிலோகிராம் எடையுள்ள குதிரை பாய்ந்தோடும்போது, ஒரு முன்காலின் மீது விழும் உச்ச விசை அதன் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை போகும். அதாவது ஏறத்தாழ 12,500 நியூட்டன். இதை 0.8 சதுர மீட்டருக்குப் பகிர்ந்து கொடுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.6 நியூட்டன்கூட வராது. அது ஒரு சாத்துக்குடிப் பழத்தின் எடைதான். மடிப்பே இல்லாமல் 200 சதுர சென்டிமீட்டர் பரப்பு மட்டும் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு சதுர சென்டிமீட்டர் 62 நியூட்டனைத் தாங்க வேண்டும். அது ஆறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று நீங்கள் படித்த பாடம் குளம்புக்குள் இப்படி வேலை செய்கிறது.

இந்த மெல்லேடுகளில் அழற்சி ஏற்பட்டால் அதை லாமினைட்டிஸ் என்கிறார்கள். பிடிப்புத் தளர்ந்துவிட்டால் குளம்பெலும்பு தன் நிலையிலிருந்து திரும்பிவிடும் அல்லது கீழே இறங்கிவிடும். குதிரை நிற்பதற்கே துடிக்கும். முற்றிய நிலையில் வலியிலிருந்து விடுவிக்க அதைக் கொன்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போவதும் உண்டு. இந்த நோய்க்குப் பெரும்பாலும் தீனியும் உடலிலுள்ள வேறு கோளாறுகளும் காரணம். ஆனால் அழற்சி தொடங்கிய காலில் தவறாகக் கத்தி வைத்தால் நிலைமை மோசமாகும். ஆகவே குளம்பில் கை வைக்கும் எவருக்கும் அதன் முதல் அறிகுறிகளாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சென்டிமீட்டரின் விலை

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. கரடுமுரடான நிலத்தில் நாள் முழுவதும் நடமாடும் காட்டுக் குதிரைக்கு வளர்ந்தது தானே தேய்ந்துவிடும். கொட்டிலிலும் மெத்தென்ற புல்வெளியிலும் வாழும் வளர்ப்புக் குதிரைக்கு அப்படித் தேயாது. லாடம் அடித்த குதிரைக்குத் தேயவே வழியில்லை. அதனால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை செதுக்கியாக வேண்டும்.

செதுக்காமல் விட்டால் என்ன ஆகும்? குளம்பின் முன்முனை நீளும். நெம்புகோல் பாடத்தை இங்கே நினைவுகூருங்கள். குதிரை அடியெடுத்து வைக்கும்போது முதலில் குதிகால் மேலெழுகிறது. அந்தக் கணத்தில் குளம்பு தன் முன்முனையை ஊன்றிக்கொண்டு உருள்கிறது. முன்முனை நீண்டிருந்தால் நெம்புகோலின் கை நீளும், திருப்புத்திறன் கூடும். அதை எதிர்த்து இழுப்பது காலின் பின்புறம் ஓடிக் குளம்பெலும்பின் அடியில் பொருந்தும் தசைநாண்.

எண்களில் பார்ப்போமா? நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்கால்களில் விழுகிறது. 500 கிலோ குதிரையானால் ஒரு முன்காலுக்கு 150 கிலோ, அதாவது ஏறத்தாழ 1,500 நியூட்டன். முன்முனை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால், கூடும் திருப்புத்திறன் 1,500 ஐ 0.01 ஆல் பெருக்க வருவது. அது 15 நியூட்டன் மீட்டர். தசைநாண் மூட்டின் மையத்திலிருந்து 2.5 சென்டிமீட்டர் தொலைவில் செல்வதாக வைத்துக்கொண்டால், அது கூடுதலாக 600 நியூட்டன் விசையுடன் இழுத்தாக வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆள் அந்தத் தசைநாணில் தொங்குவதற்கு இது சமம். இது எளிமையாக்கிய கணக்கு. உண்மையில் நடைக்கு நடை, கணத்துக்குக் கணம் எண்கள் மாறும். ஆனாலும் ஒரு சென்டிமீட்டர் என்பது அற்பமான அளவல்ல என்பது விளங்குகிறதல்லவா?

அளவுக்கு மிஞ்சிச் செதுக்கினாலும் ஆபத்துத்தான். குளம்பின் அடித்தகடு ஏறத்தாழ 1 முதல் 1.5 சென்டிமீட்டர் தடிப்பே உள்ளது. அதற்கு மேல் உயிருள்ள திசு. அடித்தகட்டை மெலிதாக்கிவிட்டால், கூழாங்கல்லில் கால் வைத்தாலும் குதிரை கூசி நிற்கும். ஒரு பக்கத்தை உயரமாகவும் மறுபக்கத்தைத் தாழ்வாகவும் விட்டால், மேலுள்ள மூட்டுகள் ஒவ்வோர் அடியிலும் கோணலாக எடை தாங்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் சொன்ன கேடுகள் எவற்றுக்கும் லாடமோ ஆணியோ தேவைப்படவில்லை. கத்தியும் அரமும் போதும்.

ஆறு நூற்றாண்டுக் கவலை

தொழில் தெரியாதவர் கையில் குதிரை அகப்படுகிறதே என்ற கவலை புதிதன்று. 1356 ஆம் ஆண்டிலேயே லண்டன் மாநகர மேயர் அந்நகர லாடக்காரர்களை அழைத்து, அவர்கள் ஓர் அமைப்பாக இயங்கித் தங்கள் தொழிலைத் தாங்களே மேற்பார்வையிட ஏற்பாடு செய்தார். தொழில் அறியாதவர்களால் பல கேடுகள் விளைகின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1674 இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அந்த லாடக்காரர் சங்கத்துக்கு அரச சாசனம் வழங்கினார். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. தேர்வு நடத்திப் பட்டயம் வழங்குகிறது.

1975 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் லாடக்காரர் பதிவுச் சட்டத்தை இயற்றியது. தேர்ச்சியில்லாதவர்கள் லாடம் அடிப்பதால் குதிரைகளுக்கு நேரும் துன்பத்தையும் கொடுமையையும் தடுப்பதே அதன் நோக்கம் என்று சட்டத்தின் முகப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதற்கென ஒரு பதிவு மன்றம் ஏற்பட்டது. இன்று அங்கே பதிவு பெற விரும்பும் இளைஞர் தேர்ந்த லாடக்காரர் ஒருவரிடம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தொழில் பழகித் தேர்வு எழுத வேண்டும். கால்நடை மருத்துவர்களுக்கும், முறையாகத் தொழில் பழகுபவர்களுக்கும், ஆபத்து வேளையில் குதிரைக்கு முதலுதவி செய்பவர்களுக்கும் சட்டம் விலக்குத் தருகிறது. நல்ல சட்டம்தான்.

சட்டத்தில் ஒரு சந்து

குறை எங்கே இருக்கிறது? வரையறையில் இருக்கிறது. லாடத்தை உடனே பொருத்துவதற்காகக் குளம்பைப் பண்படுத்துவது, லாடத்தைப் பொருத்துவது, பொருத்தியபின் சீர் செய்வது ஆகியவையே அச்சட்டத்தின்படி "லாடத் தொழில்". லாடம் அடிக்கும் எண்ணமே இல்லாமல் குளம்பைச் செதுக்குவது இந்த வரையறைக்குள் வரவில்லை.

1975 இல் இது யாருக்கும் பெரிய சந்தாகத் தோன்றியிராது. குளம்பில் கத்தி வைத்தவர்களில் பெரும்பாலோர் லாடக்காரர்களே. ஆனால் அதன் பின்னர் "குதிரைக்கு லாடமே வேண்டாம், வெறுங்காலே இயற்கை" என்று சொல்லும் இயக்கம் பல நாடுகளில் வளர்ந்தது. வெறுங்கால் குதிரைகளின் குளம்பைச் செதுக்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தோன்றினார்கள். அவர்களிலும் ஆண்டுக்கணக்கில் கற்றவர்கள் உண்டு. சில நாள் பயிற்சியோடு அரத்தைக் கையில் எடுத்தவர்களும் உண்டு. பிரிட்டனில் வெறுங்கால் பராமரிப்புக்கென்று தொழில் தரங்கள் வகுக்கப்பட்டபோதும், அவற்றைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2017 இல் பதிவுச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. அது பதிவு மன்றத்தின் அமைப்பை மாற்றியது. வரையறையை அப்படியே விட்டுவிட்டது.

"குதிரைக்குத் துன்பம் நேர்ந்தால் தண்டிக்க வேறு சட்டங்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கின்றன. விலங்குகளுக்குத் தேவையற்ற துன்பம் விளைவிப்பது 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றம். ஆனால் அந்தச் சட்டத்தைக் கொண்டு ஒரு செதுக்குபவரைத் தண்டிக்க வேண்டுமானால், குதிரை ஏற்கனவே துன்பப்பட்டிருக்க வேண்டும். பதிவுச் சட்டமோ துன்பம் நேரும் முன்பே வாசலில் நின்று "உனக்குத் தொழில் தெரியுமா?" என்று கேட்கிறது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதற்கும் முன்கூட்டியே தடுப்பூசி போடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

ஜெர்மனி கற்ற பாடம்

அப்படியானால் விடை எளிது என்று தோன்றும். "குளம்பைத் தொடும் எல்லாரும் லாடக்காரராகவே இருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா?

ஜெர்மனி ஏறத்தாழ அதைத்தான் செய்து பார்த்தது. 2006 இல் அங்கே இயற்றப்பட்ட லாடச் சட்டம், குளம்பின் பாதுகாப்புக்காகவும் நலத்துக்காகவும் செய்யும் எல்லா வேலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. வெறுங்கால் குளம்பைச் செதுக்கி வந்தவர்களும் இனி இரும்பு லாடம் அடிக்கும் பயிற்சி பெற்றுத் தேர வேண்டும் என்றாயிற்று. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 ஜூலையில் அந்தப் பகுதிகள் தொழில் செய்யும் உரிமைக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. இரும்பு லாடம் அடிக்கப் போவதே இல்லை, அது கூடாது என்றே கருதுகிறவர்கள், இரும்பு லாடம் அடிக்கக் கற்றால்தான் தங்கள் தொழிலைச் செய்யலாம் என்று கட்டாயப்படுத்துவது அளவுக்கு மீறியது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதை நான் சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். மிதிவண்டி பழுது பார்ப்பவர் லாரி எஞ்சின் கழற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏற்போமா?

பிரான்சு நாட்டின் சட்டம் வேறு வகையில் எழுதப்பட்டிருக்கிறது. கால்நடை மருத்துவர் அல்லாத யார் யார் எந்தெந்தச் சிகிச்சைகளைச் செய்யலாம் என்று பட்டியலிடும் இடத்தில், குளம்பு செதுக்குவதற்கும் குதிரையினத்தின் கால் நோய்களுக்கும் லாடக்காரர்களை அது குறிப்பிடுகிறது. செதுக்குவது என்ற சொல் அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது. லாடத்தை வைத்து மட்டும் எல்லை வகுக்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு இது சான்று.

மூன்று கேள்விகள்

இனி அடிப்படைக்கு வருவோம். எந்தத் தொழிலுக்குப் பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம்? எல்லாவற்றுக்கும் உரிமம் கேட்டால் நாட்டில் யாரும் பிழைக்க முடியாது. நான் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கிறேன்.

முதல் கேள்வி: துன்பப்படுபவர் வாய் திறந்து சொல்ல முடியுமா? முடிதிருத்துபவர் கத்தரியைக் கொஞ்சம் ஆழமாக வைத்தால் நாம் உடனே "அண்ணே, பார்த்து!" என்போம். குதிரை சொல்லாது. காட்டில் இரையாக வாழ்ந்த விலங்கு அது. நொண்டுவதைக் காட்டினால் ஓநாயின் கண்ணில் படும். ஆகவே இயன்றவரை வலியை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு.

இரண்டாம் கேள்வி: தவறு உடனே தெரியுமா? முடி கோணலாகப் போனால் கண்ணாடியில் அப்போதே தெரியும். அடுத்த முறை வேறு கடைக்குப் போவோம். குளம்பின் மேல்விளிம்பில் தோன்றும் புதிய சுவர் முன்முனையில் தரையைத் தொட 9 முதல் 12 மாதங்கள் ஆகின்றன. கோணல் மெல்ல மெல்லச் சேர்கிறது. தசைநாணும் மூட்டும் நொந்து குதிரை நொண்டத் தொடங்கும்போது, யார் செதுக்கியதால் வந்தது என்று சொல்வது கடினம். நல்ல தொழிலாளியையும் மோசமான தொழிலாளியையும் வாடிக்கையாளரே தரம் பிரித்துக்கொள்வார் என்ற வாதம் இங்கே செல்லாது.

மூன்றாம் கேள்வி: கெட்டதைச் சரி செய்ய முடியுமா? முடி மீண்டும் வளரும். குளம்பின் சுவரும் மீண்டும் வளரும். ஆனால் தேய்ந்த மூட்டும் இடம் பெயர்ந்த எலும்பும் எளிதில் பழைய நிலைக்கு வருவதில்லை.

மூன்றுக்கும் விடை "இல்லை" என்றால், அந்தத் தொழிலுக்கு வாசலில் ஒரு காவல் வேண்டும். குளம்பு செதுக்குவது அத்தகைய தொழில். லாடம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இந்த மூன்றில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மறுப்புகளையும் கேட்போம்

எதிர்த்தரப்பினர் சொல்வதிலும் பொருள் உண்டு. அதை மறைப்பது அறிவியல் மனப்பான்மை ஆகாது.

"பதிவு என்பது பழைய சங்கத்தார் புதியவர்களை வெளியே தள்ளும் தந்திரம்" என்பது ஒரு மறுப்பு. தொழிற்சங்கங்களின் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது. லாடத்தை நம்புகிறவர்களே தேர்வாளர்களாக இருந்தால், வெறுங்கால் முறையை நம்புகிறவர் எப்படித் தேறுவார்? ஆகவே தேர்வுக் குழுவில் இரு தரப்பாரும் கால்நடை மருத்துவர்களும் இருக்க வேண்டும்.

"லாடமா வெறுங்காலா என்பதே தீராத வழக்கு" என்பது இன்னொன்று. உண்மைதான். ஆணி அடித்த லாடம் இல்லாமலே பழங்கால கிரேக்கர்கள் குதிரைப் படை நடத்தினார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு செனபோன் என்ற கிரேக்கத் தளபதி, கற்கள் பரப்பிய தரையில் குதிரையை நிறுத்திக் குளம்பை உறுதியாக்கச் சொல்லி எழுதினார். அதே வேளையில், "இயற்கையில் எல்லாம் சரியாக இருக்கும்" என்ற எண்ணமும் முழு உண்மையன்று. ஆஸ்திரேலியாவில் காட்டில் திரியும் குதிரைகளை ஆராய்ந்த குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக அறிஞர்கள் அவற்றின் கால்களிலும் லாமினைட்டிஸ் அடையாளங்களைக் கண்டார்கள். வழக்கு தீரும் வரை இரண்டு முறைகளுக்கும் இடம் இருக்கட்டும். எந்த முறையானாலும் குளம்பின் அமைப்பு ஒன்றுதானே? அது தெரியாமல் கத்தி எடுக்கக்கூடாது என்பதில் இரு தரப்பாரும் ஒன்றுபடலாம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்த மறுப்பு மூன்றாவது. "கட்டுப்பாடு கூடினால் கூலி கூடும். வசதியற்றவர்கள் செதுக்காமலே விட்டுவிடுவார்கள். சுமாராகச் செதுக்கிய குளம்பைவிடச் செதுக்காத குளம்பு மோசமல்லவா?" இதை வெறும் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பயிற்சிக் காலமும் செலவும் வேலையின் அளவுக்குப் பொருந்தியதாக இருந்தால் மட்டுமே இந்த ஆபத்தைத் தவிர்க்கலாம். நான்கு ஆண்டுப் பயிற்சியை எல்லார் தலையிலும் கட்டினால் மறுப்பாளர்கள் சொல்வதே நடக்கும்.

என்ன செய்யலாம்?

என் யோசனை இது. தன் குதிரையின் குளம்பு விளிம்பைத் தானே அரத்தால் இலேசாகத் தேய்த்துவிடும் உரிமையாளரைச் சட்டம் தொட வேண்டாம். கூலி வாங்கிக்கொண்டு பிறர் குதிரையின் குளம்பைச் செதுக்குபவர் பதிவேட்டின் தனிப் பகுதி ஒன்றில் இடம் பெற வேண்டும். அதற்கான தேர்வில் இரும்படிக்கும் வேலை இருக்கக்கூடாது. குளம்பின் அமைப்பு, நடையைப் பார்த்துக் குறை காணும் பயிற்சி, நோயின் முதல் அறிகுறிகள், கையின் தேர்ச்சி, "இதற்கு மேல் என் வேலையில்லை, மருத்துவரை அழையுங்கள்" என்று சொல்லத் தெரிவது ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். லாடம் அடிப்பவருக்கு இன்றுள்ள நீண்ட பயிற்சி தொடரட்டும். நோயைக் கண்டறிவது எப்போதும் போல மருத்துவரிடமே இருக்கட்டும். ஏற்கனவே பல ஆண்டுகளாக நன்றாகச் செதுக்கி வருபவர்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்து, சான்றிதழைக் கேட்காமல் கைத்திறனை நேரில் பார்த்துப் பதிவு செய்யலாம்.

பிரிட்டனின் சட்டம் கருவியைப் பார்த்து எல்லை வகுத்தது, எல்லை குறுகிப்போயிற்று. ஜெர்மனியின் சட்டம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டியது, எல்லை அகன்றுபோயிற்று. நேரக்கூடிய கேட்டின் அளவைப் பார்த்து எல்லை வகுப்பதே முறை.

இது எங்கோ இருக்கும் நாடுகளின் குதிரை வழக்கு, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நாளை நீங்கள் வாக்காளர்களாவீர்கள். உங்களில் சிலர் சட்டம் எழுதுகிறவர்களாகவும் வருவீர்கள். மின் இணைப்புத் தருபவர், மருந்து விற்பவர், மூக்குக் கண்ணாடிக்கு அளவு பார்ப்பவர் என்று ஒவ்வொரு தொழிலைப் பற்றியும் இதே கேள்வி எழும். அப்போது "எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும்" என்றோ "எதற்கும் வேண்டாம்" என்றோ அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரிலுள்ள ஏதேனும் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்பவரிடம் சென்று, தவறு நேர்ந்தால் யார் துன்பப்படுவார், எவ்வளவு நாளில் தெரியவரும், சரி செய்ய முடியுமா என்று பணிவோடு கேட்டு எழுதி வாருங்கள். வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து, அந்தத் தொழிலுக்குப் பதிவு வேண்டுமா வேண்டாமா என்று விவாதியுங்கள். என் வகுப்பில் லாடத்தைப் பற்றிக் கேட்ட அந்த மாணவரைப் போல, ஆசிரியருக்கு விடை தெரியாத கேள்வி ஒன்று உங்களிடமிருந்து வந்தால் தயங்காமல் கேளுங்கள். நான் இவ்வளவையும் கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட ஒரு கேள்வியால்தான்.